சீவாளி வரும் வரை

தை 2

கோவில் கொடியேற்றத்துக்கு இன்னும் 8 நாள். நாகஸ்வரத்துக்குப் புதுச் சீவாளி, வாயில் வைத்து ஊதும் நாணல், வரவில்லை.

தை 3

விடுதிக்குள் வாசிக்கக் கூடாதென்று இன்றும் சொல்லிவிட்டார்கள். காலை 4.30, ஆற்றுப்படுகை, நல்ல பனி. உலவு (நாகஸ்வரத்தின் மரக்குழல்) குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கித்தான் பேசும். கால் மணி நேரம் மந்தரத்தில் அகாரமாக ஊதி உள்ளே சூடேறினால் தானாக மேலே வரும். அதற்கு முன்பே சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கெண்டையை (சீவாளி சொருகும் உலோகக் குழாய்) திருத்துவது வீண் வேலை. கெண்டையை அழுத்தினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். சூடேறுவதற்குள் அழுத்தி வைத்துவிட்டால் ஏழு மணிக்கு எல்லாம் ஏறிப்போய் நிற்கும்; மறுபடி இழுக்க வேண்டும். இழுக்கும்போது கெண்டையில் சுற்றிய நூல் தளரும், தளர்ந்தால் காற்று கசியும், கசிந்தால் முதலில் சாவது கீழ் ஸ்வரங்கள்தான்.

மத்திமம், அந்த ‘ம’ ஸ்வரம், இன்றும் தன் இடத்தில் நிற்கவில்லை.

தை 4

பழைய சீவாளியை ஊற வைத்து, துடைத்து, தனியே ஊதிப் பார்த்தாயிற்று. கரகரவென்று ஒரே சீராகப் பேச வேண்டியது. ஒரு பக்கம் மட்டும் பேசுகிறது. குச்சியை விட்டு வாயைத் திறந்தால் பத்து நிமிடம் தாங்குகிறது, பிறகு மூடிக்கொள்கிறது. இதை நம்பி நாலு வீதி சுற்ற முடியாது.

தை 5

கும்பகோணத்தில் ரயில் ஏறி, ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை, நாகஸ்வரம் கடைகிற ஊர். இறங்கியதும் கடைசல் பட்டறைச் சத்தத்தைத்தான் காது தேடியது.

ஆச்சா மரம் வாசலிலேயே அடுக்கிக் கிடக்கிறது. புது மரம் கிடையாது, எல்லாம் இடித்த வீடுகளின் மரம். பச்சை மரத்தில் கடைந்தால் காய்ந்து சுருங்கும், வளையும். உள்துளை மாறினால் ஸ்வரம் மாறும். பல பத்தாண்டு கூரையைத் தாங்கிய மரம் இனிச் சுருங்கப் போவதில்லை. மேலே குறுகி, கீழே போகப் போக விரிகிற அந்த உள்துளையில்தான் வாத்தியத்தின் குணமே இருக்கிறது. விரல் வைக்க 7 துளை. கீழே இருக்கும் 5 துளை விரலுக்கில்லை, மெழுகு வைத்துச் சுருதி சரிபார்க்க. இந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் கிடைப்பதுதான் குறைந்துகொண்டே வருகிறது.

மத்திமச் சிக்கலைத் தீர்த்ததும் இந்த ஊர்தான். பழைய திமிரியில் (மேல் சுருதியில் பேசும் குட்டை நாகஸ்வரம்) துளையைத் திறந்தால் வருவது பிரதி மத்திமம், மேலே இருக்கும் ‘ம’. அதற்குக் கீழே இருக்கும் சுத்த மத்திமம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூடி, உதட்டைத் தளர்த்தி, மூச்சால் இறக்கிக் கொண்டுவர வேண்டும். 1955வாக்கில் ரங்கநாதன் ஆசாரி கடைந்த பாரியில்தான் (கீழ்ச் சுருதியில் பேசும் நீள நாகஸ்வரம்) சுத்த மத்திமம் துளையிலேயே வந்தது. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகக் கடைந்தது அது. அடுத்த ஆண்டே பிள்ளை காலமானார். இன்றைக்கு 2, 2½ கட்டைச் சுருதியில் பாரியை எடுத்து வாசிக்கிற எல்லோரும் அந்த ஒரு துளைக்குக் கடன்பட்டவர்கள். திமிரியில் கம்பீரநாட்டை ராகம் வாசித்துச் சாமி புறப்பட வைத்தவர்களை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

சீவாளி நாளை மறுநாள் என்றார்கள்.

தை 6

இல்லை.

தை 7

வந்துவிட்டது! மூன்று.

கொறுக்கைத் தட்டை நல்ல நிறம், கட்டு இறுக்கம். ஆனால் புதுச் சீவாளியை உடனே கச்சேரிக்கு எடுக்க முடியாது. முதல் நாள் பத்துப் பத்து நிமிடம்தான், நடுவில் காய விட வேண்டும். அதிகம் ஊறினால் வாய் விரிந்து மூச்சைக் குடிக்கும், சுருதியும் இறங்கும். ஊறாவிட்டால் கீச்சிடும். 1ஆம் சீவாளி கனம், 2 இதம், 3 இன்னும் பேசவில்லை. கெண்டையில் சொருகும்போது ஆடினால் நூலை இன்னும் ஒரு சுற்று சுற்றலாம். நுனியைச் சீவிச் சரிசெய்ய மட்டும் கூடாது. சீவினது திரும்பி வராது.

தை 8

காலையில் இசையியல் தேர்வு. கம்பீரநாட்டைக்கு லட்சணம் எழுது என்று கேள்வி. 36ஆவது மேளம் சலநாட்டையில் பிறந்த ஜன்யம், ஐந்து ஸ்வரமுள்ள ஔடவம், ச க ம ப நி ச. ஐந்து வரியில் முழு மதிப்பெண். அந்த ‘ம’ எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு மதிப்பெண் இல்லை. வேகமாக ஊதினால் உதடு தன்னையறியாமல் இறுகும்; இறுகினால் மத்திமம் பஞ்சமத்தை நோக்கி நகரும். மெதுவான முதல் காலத்தில் தெரியாது, வேகமான மூன்றாம் காலத்தில் கோவிலுக்கே தெரியும்.

மாலை தவில் தம்பியோடு ஒத்திகை. அவன் விரலில் துணியும் பசையுமாகச் சுற்றிய கூடு சரியாகக் காயவில்லை, பசை ஈரம். நேற்று ராத்திரியே சுற்றியிருக்க வேண்டும். கூடு இறுகினால்தான் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) சொல் தெறிக்கும். தவிலில் அலாரிப்பு, சிறிய ஆலாபனை, சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் வாசிக்கும் மல்லாரி, அதையே மூன்று காலம், திஸ்ர நடை. கோபுர வாசல் வரை மல்லாரி. வெளியே வந்தபின்தான் மற்ற ராகங்கள். வாசலுக்கு எத்தனை அடி என்று நடந்து பார்க்க வேண்டும். சாமி தூக்குகிறவர்களின் நடைதான் காலப்பிரமாணம்.

சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர் யாரும் இல்லை. சுருதிப்பெட்டிதான். பெட்டி மூச்சு வாங்காது, அதனாலேயே அதன் பக்கத்தில் நாகஸ்வரம் தனியாகக் கேட்கிறது.

தை 9

1ஆம் சீவாளி வெடித்துவிட்டது. ஓரத்தில், முடி அளவு. ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்ததா, வெயிலில் காய வைத்ததா? வெயில்தான். நிழலில் காய விட்டிருக்க வேண்டும். 3 பேச ஆரம்பித்திருக்கிறது, மேல் ஷட்ஜத்தில் மட்டும் தடுக்குகிறது. 2 ஒன்றைத்தான் நம்ப முடியும்.

இரவு 11 மணி: மத்திமம் மூன்று முறை நின்றது. நான்காவது முறை இல்லை.

தை 10

மணி 3.10. 2ஆம் சீவாளி தண்ணீரில். இரண்டு நிமிடம் போதும்.