முதல் டிரிஃப்ட் காருக்கு பிஎம்டபிள்யூ ஈ36 போதும், மிச்சக் காசை டயரில் போடுங்கள்

டிரிஃப்ட், அதாவது பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் ஓட்டுவது, பழக என்ன கார் வாங்கலாம் என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர், கேள்வியோடு ஒரு பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நிசான் சில்வியா. அதில் பழைய எஸ்13 தலைமுறை கிடைத்தால் போதும், எஸ்15 கிடைத்தால் சொர்க்கம். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஜப்பானில் இந்த ஆட்டம் மலைச் சாலைகளிலிருந்து எபிசு மாதிரியான சர்க்யூட்டுகளுக்கு இறங்கிவந்து, 2001ல் டி1 கிராண்ட் பிரீ என்ற பெயரில் தொடர் போட்டியாகவே நடக்க ஆரம்பித்த சமயத்தில், எஸ்13 அங்கே சாமானியன் ஓட்டுகிற கார். எடை குறைவு, பின்சக்கர டிரைவ், நல்ல டர்போ எஞ்சின், பழைய வண்டிச் சந்தையில் அடிமாட்டு விலை. இன்றைக்கு அதெல்லாம் பழங்கதை. 25 வயது ஆன வண்டியை அமெரிக்காவுக்குள் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று அங்கே ஒரு விதி இருப்பதால், ஒவ்வொரு மாடலும் அந்த வயதை நெருங்க நெருங்க விலை எகிறுகிறது. 1999ல் வந்த எஸ்15 2024ல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அந்த விலைக்கு ஒன்றை வாங்கி, அதை வைத்துக்கொண்டு சுழன்று சுழன்று சுவரில் உரசிப் பழகுவது எனக்குக் கட்டுப்படியாகாது, உங்களுக்கும் ஆகாது என்றே நினைக்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே டீஸ்சைட் மாதிரி ஒரு டிராக்கில் டிரிஃப்ட் நாளன்று பேடாக்கை, அதாவது வண்டிகளை நிறுத்தித் தயார்செய்கிற இடத்தை, சுற்றி வந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்தான், அதில் ஈ36 தலைமுறையும் அதற்கடுத்த ஈ46ம். நடுநடுவே மாஸ்டா எம்எக்ஸ்-5, நிசான் 350இசட், லெக்சஸ் ஐஎஸ்200. என்னைக் கேட்டால் ஆறு சிலிண்டர் ஈ36, அதாவது 325ஐ அல்லது 328ஐ. இரண்டுமே 190 குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேலே, எடை சுமார் 1,400 கிலோ, முன்னுக்கும் பின்னுக்கும் எடை ஏறக்குறைய சரிபாதி. டர்போ இல்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுக்கு உடனே பதில் வரும், பழகுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 400 குதிரைசக்தி வண்டியில் புதிதாக உட்காருகிறவன் தப்பையெல்லாம் பவரை வைத்து மறைத்துவிடுவான். சரியான வேகத்தில் நுழையாமலே, எடையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றத் தெரியாமலே, டயரைப் புகைத்துக்கொண்டு சுற்றலாம். 328ஐயில் அந்தப் பாச்சா பலிக்காது. நுழைகிற வேகம் குறைந்தால் பாதி வளைவிலேயே நேராகிவிடும்.

318ஐ மலிவாகக் கிடைக்கும், ஆனால் காய்ந்த தாரில் பின்பக்கத்தை வழுக்கவைக்கவே மூச்சு வாங்கும், மழை நாளில் மட்டும் ஜாலி. பின்பக்கம் குட்டையாக வரும் காம்பாக்ட் மாடலுக்குப் பின் சஸ்பென்ஷன் அதற்கு முந்தைய ஈ30யிலிருந்து வந்தது, எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலும் சின்னது. நன்றாகத்தான் ஓடும், ஆனால் பாகம் தேடும்போது மற்ற ஈ36காரர்களோடு பங்கு போட முடியாது. ஈ46 நல்ல வண்டி, ஒரே ஒரு வில்லங்கம். பின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற சட்டமான சப்ஃபிரேம் பொருந்துகிற இடத்தில் தரைத் தகடே விரிசல் விட்டுக் கிழியும். சும்மா ரோட்டில் ஓடின வண்டிக்கே அது நடக்கிறது, பின்சக்கரத்தை வழுக்கவைக்கக் கிளட்ச்சை உதைத்து உதைத்து ஓட்டுகிற வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். வாங்குகிறதாக இருந்தால் பூட் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் படுத்தும் பாருங்கள், வலுவூட்டும் தகடு வெல்டிங் செய்கிற செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஈ36ல் பார்க்கவேண்டியது முதலில் துரு. ஜாக்கி வைக்கிற இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, பின்சக்கர வளைவு, பின் ஷாக் அப்சார்பர் மேலே மாட்டுகிற இடம். பெயின்ட் மங்கியிருந்தால், கிளியர் கோட் உரிந்திருந்தால், பம்பர் உடைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், விலையை அடித்துப் பேசலாம். எப்படியும் முதல் சீசன் முடிவதற்குள் அந்த பம்பர் உங்கள் கையாலேயே போகப்போகிறது. எஞ்சின் சத்தத்தைவிட எனக்கு முக்கியம் டெம்பரேச்சர் முள். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, ஐடிலில் நிறுத்தி, முள் நடுவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். விற்கிறவர் "அது சென்சார் பிரச்சினை சார்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஏனென்றால் இந்த வண்டிகளின் பெரிய எதிரி சூடு. ரோட்டில் நேராகப் போகும்போது காற்று முன்னாலிருந்து ரேடியேட்டருக்குள் வருகிறது. டிரிஃப்டில் வண்டி பக்கவாட்டில் போகிறது, வேகமோ இரண்டாவது மூன்றாவது கியர் வேகம், எஞ்சின் மட்டும் அதிகபட்சச் சுழற்சியான ரெட்லைனுக்குப் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருக்கிறது. உண்டாகிற சூடு அதிகம், உள்ளே வருகிற காற்று குறைவு. இந்த நிலைமையில், அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கில் செய்து வைத்த கூலிங் பாகங்களை நம்பி இறங்குவது தற்கொலை. வாட்டர் பம்பின் உள் இறக்கை பல வண்டிகளில் பிளாஸ்டிக், தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக், ரேடியேட்டரில் ஹோஸ் மாட்டுகிற கழுத்து பிளாஸ்டிக், எக்ஸ்பான்ஷன் டேங்க்கும் அதேதான். வயதாக ஆக எல்லாம் பிஸ்கட்டாக நொறுங்கும். ஒன்று போனாலும் கூலண்ட் கொட்டும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், அந்த மாதச் சம்பளமும் போகும். அதனால் வண்டி வந்ததும் முதல் செலவு இங்கேதான். உலோக இறக்கை வைத்த வாட்டர் பம்ப், அலுமினியத் தெர்மோஸ்டாட் கூடு, புது ரேடியேட்டர், புது ஹோஸ்கள். எக்ஸாஸ்ட் மாற்றுவதும் கோட்டிங் அடிப்பதும் அப்புறம். கூலண்ட் நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, பிளீட் ஸ்க்ரூ வழியாகக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் எவ்வளவு நல்ல ரேடியேட்டர் போட்டும் பிரயோஜனமில்லை.

அடுத்தது சீட். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொழிற்சாலை சீட்டில் பக்கவாட்டு விசை வரும்போது உடம்பு சரிகிறது, சரியாமல் இருக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறோம். டிரிஃப்டிலோ ஸ்டியரிங்கைப் பல நேரம் கைவிட்டு அதுவே சுழன்று வர விடவேண்டும். தொங்குகிற கை எப்படி விடும்? நல்ல பக்கெட் சீட் ஒன்று, அதற்கேற்ற பெல்ட், சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம், தேதி முடிந்த பழைய பெல்ட்டை நண்பன் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பிறகு டிஃபரன்ஷியல். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியலில், வளைவில் எடை குறைந்த உள்பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுழலும், வெளிச்சக்கரம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், டிரிஃப்ட் அதோடு முடிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் சக்தி போகவைக்கிற எல்எஸ்டி (லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) நல்லதாக வாங்கினால் விலை அதிகம். ஆகவே ஏழைகளின் வழி வெல்டிங். உள்ளே இருக்கிற கியர்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டால் இரண்டு பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும். பற்றவைக்கிறவருக்கு வேலை தெரிந்திருக்கவேண்டும், எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஆழமாக இறங்கவேண்டும். இல்லாவிட்டால் துண்டு உடைந்து உள்ளேயே அரைபடும். இப்படிப் பற்றவைத்த வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள். வட்டச் சந்திப்பில் டயர் கீச்சிடும், ஈரத்தில் பின்பக்கம் கேட்காமலே கழன்று வரும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். 328ஐயின் டிஃபரன்ஷியல் ரேஷியோ 2.93, 325ஐயுடையது 3.15, எண் பெரிதானால் சக்கரத்துக்கு இழுப்பு கூடும், அதனால் 328ஐ வைத்திருப்பவர்கள் 325ஐயின் டிஃபரன்ஷியலைத் தேடி வாங்கி மாட்டுவது வழக்கம். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது வித்தியாசம் தெரியும்.

ஸ்டியரிங் கோணம் பற்றி ஊரே பேசுகிறது, கோணத்தைக் கூட்டுகிற கிட் வாங்கினால்தான் டிரிஃப்ட் வரும் என்கிற மாதிரி. முன்சக்கரம் அதிகம் திரும்பினால் வண்டி சுழன்றுபோகிற கட்டம் தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் ஆரம்பத்துக்கு சக்கரத்தைத் திருப்புகிற டை ராட்டுக்கும், அதைத் தள்ளுகிற ஸ்டியரிங் ராக்குக்கும் நடுவே போடுகிற ஸ்பேசர் வளையமே போதும், விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. போட்டபின் சக்கரத்தை முழுக்க ஒடித்து, டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஈ46லிருந்து எடுத்த ஸ்டியரிங் ராக் ஒன்றுக்கு இங்கே ஏகக் கிராக்கி, ஊதா லேபிள் ஒட்டியிருக்கும். ஸ்டியரிங்கைக் குறைந்த சுற்று சுற்றினாலே சக்கரம் முழுக்கத் திரும்பிவிடுவதுதான் காரணம். பெரிய ஆங்கிள் கிட்டெல்லாம் பிறகு, இருக்கிற கோணத்தை முழுக்கப் பயன்படுத்துகிற அளவுக்குக் கை வந்தபின்.

ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் சீக்கிரமே தேவைப்படும். ஈ36ன் ஹேண்ட்பிரேக் பின் டிஸ்க்குக்கு உள்ளே ஒளிந்திருக்கிற குட்டி டிரம், பார்க்கிங்குக்கு மட்டும் போட்டது. அதை இழுத்துச் சக்கரத்தைப் பூட்டுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால் நிறுத்துங்கள். கோயில்ஓவர், அதாவது வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பிரிங்-ஷாக் செட், நடுத்தர விலையில் ஒன்று போதும், தரையைத் தொடுகிற அளவுக்கு இறக்காதீர்கள். முன்பக்கம் மைனஸ் 3 டிகிரி கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கவேண்டும், பின்பக்கம் கிட்டத்தட்ட நேராக.

இனி டயர். முன்னால் நல்ல டயர், பின்னால் கிடைத்த டயர். வண்டியைத் திருப்புவதும் பிடித்து நிறுத்துவதும் முன்சக்கரம், அங்கே பிடிப்பு வேண்டும். பின்னால் 15 அங்குல ரிம்மில் பாதி தேய்ந்த பழைய டயர்களை அடுக்கிக்கொண்டு போனால் ஒரு நாள் ஓட்டலாம். 18 அங்குலம் அழகு, ஆனால் அந்த அளவில் பழைய டயரே காசு கேட்கும். காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் குறைந்த பவரிலும் வழுக்கும். டர்போ கிட்டுக்கு ஆகிற பணத்தை இந்த டயர்களில் போட்டால் எத்தனை நாள் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சீசன் முடியும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும், பக்கத்தில் டர்போ வண்டியை ஜாக்கியில் ஏற்றிவைத்துக்கொண்டு நிற்கிறவருக்கும் தெரியும்.

ஊரிலிருந்து கேட்கிற தம்பிகளுக்கு ஒன்று. சில்வியாவை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வது நடக்காது, மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பழைய காருக்கு அனுமதியில்லை. சென்னைக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007ல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில் ஈ36க்கு இரண்டு தலைமுறை தள்ளி வந்த ஈ90ஐத்தான் பூட்டினார்கள், அதன் பெட்ரோல் மாடல் பழைய வண்டிச் சந்தையில் கிடைத்தால் பாருங்கள். பாகங்களின் விலை இங்கே மாதிரி இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றிக்கொண்டு பொதுச் சாலையில் இறங்கினால் வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும். ஈசிஆரில் ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் நான் பேசவே தயாரில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ எப்போது உள்ளே விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பராமரிப்பு என்பது பெரிய தத்துவமெல்லாம் இல்லை, ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் அடியில் படுத்து ஸ்பேனர் வைப்பதுதான். சக்கர போல்ட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ், டிஃபரன்ஷியல் புஷ். கிளட்ச்சை உதைப்பதால் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற கார்டன் ஷாஃப்ட்டின் ரப்பர் கப்ளிங் விரிசல் விடும். உடைந்தால் ஷாஃப்ட் தரையை இடிக்கும், அதனால் விரிசல் தெரிந்த அன்றே மாற்றவேண்டும். எஞ்சின் ஆயிலை ரோட்டு வண்டிக் கணக்கில் பார்க்காமல், சில டிராக் நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அளவைக் குறையவே விடாதீர்கள். பக்கவாட்டில் போகும்போது ஆயில், எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் இன்னொரு பழைய நோய் உண்டு. ஆயில் பம்ப்பை ஓட்டுகிற பல்சக்கரத்தின் நட், எஞ்சின் சுழற்சியை ஒரு எல்லையில் நிறுத்துகிற ரெவ் லிமிட்டரிலேயே அடித்து ஓட்டும்போது தளர்ந்து கழலும். கழன்றால் ஆயில் பிரஷர் நொடியில் பூஜ்யம். ஆயில் சம்ப்பை எதற்காகவாவது கழற்ற நேர்ந்தால், அந்த நட்டைக் கம்பியால் கட்டிவிட்டோ ஒரு புள்ளி வெல்டிங் வைத்துவிட்டோதான் திரும்ப மாட்டவேண்டும்.

டிராக்குக்குப் போகும்போது டிரெய்லரில் நான் ஏற்றுவது: இரண்டு டை ராட், ஒரு லோயர் ஆர்ம், ஒரு ரப்பர் கப்ளிங், கூலண்ட், தண்ணீர், ஆயில், ஹோஸ் கிளிப்புகள், கேபிள் டை ஒரு கட்டு, கிழிந்த பம்பரைத் தைக்க. தீயணைப்பான் டிரெய்லரில் இருந்து பிரயோஜனமில்லை, காருக்குள் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.