டிஸ்சார்ஜுக்குப் பிறகு வருகிற பில்

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தது 2021 செப்டம்பர் கடைசியில். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சு குழறல். 19 நாள் உள்ளே இருந்ததற்கு 3,80,000 ரூபாய் பில், அதில் 2,60,000 இன்சூரன்ஸில் போனது, மீதியை அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதியாகக் கட்டினோம். கவுண்டரை விட்டு வெளியே வந்ததும் அண்ணன், "அப்பாடா, பெரிய செலவு முடிஞ்சுது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டு வாசலில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நிலைப்படிக்கும் மாடிப்படிச் சுவருக்கும் நடுவில் இடம் போதவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர், என் கணவர், பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர், நாலு பேருமாகப் போர்வையின் நாலு மூலையைப் பிடித்துத் தொட்டில் மாதிரி தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா இடது கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி அம்மாவைப் படுக்க வைக்கச் சரியான கட்டில்கூட வீட்டில் இல்லை, சோபா மெத்தைகளை அடுக்கிச் சமாளித்தோம். அப்புறம் ஒரு 80 பக்க நோட்டை எடுத்து, தேதி போட்டு, "ஆம்புலன்ஸ் 2,500" என்று எழுதினேன். அந்த நோட்டு 2025 ஜனவரி வரைக்கும், அதாவது 40 மாதம் ஓடியது.

அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதை யாரும் முன்கூட்டி எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே நாலு காரியம் செய்து வைத்திருப்போம்.

முதல் மாதம் சாமான்களுக்கே போனது. தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில், பழையது, 9,000. படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட் 3,500. வீல்சேர் 6,000, கமோடு சேர் 2,800. பாத்ரூமில் இந்தியன் டாய்லெட்டை மாற்றி, சுவரில் கைப்பிடி அடித்து, வாசற்படியில் சரிவு போட்டதில் 38,000. எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இது ஒரு தடவைச் செலவு, ஆறிவிடும்.

ஆறாதது மாதச் செலவு. ராத்திரி பகலாகக் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஏஜென்ஸி மூலமாக வந்த பெண்ணுக்கு ஆரம்பத்தில் மாதம் 18,000, கடைசி வருஷத்தில் 24,000. ஒரு நாளைக்கு மூன்று டயப்பர், ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,600. மாத்திரை 3,000 சொச்சம். கையுறை, யூரின் பேக், புண்ணுக்குப் பூசுகிற மருந்து, புரோட்டீன் மாவு, வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர் எல்லாமாக இன்னொரு 3,500. முதல் ஆறு மாதம் பிசியோதெரபிஸ்ட் மாதம் இருபது தடவை வந்தார், தடவைக்கு 400. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த திட்டத்தில் வீட்டுக்கே பிசியோவும் நர்ஸும் வருவார்கள் என்பது எங்களுக்கு ஏழாவது மாதம்தான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்ன பிறகு வந்தார்கள், நன்றாகவும் பார்த்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் முதல் வாரமே போய்ப் பதிந்துவிட வேண்டும்.

40 மாதத்தையும் கூட்டினால், ஆஸ்பத்திரி பில் சேர்க்காமலே, 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அப்பா அரசு வேலையில் இருந்தவர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 14,500 வந்தது, அது 5,80,000. மீதி 6 லட்சத்துக்கு மேல் அம்மாவின் சேமிப்பிலிருந்தும் எங்கள் கையிலிருந்தும் போனது. ஆஸ்பத்திரி பில்லுக்கு எங்கள் கையிலிருந்து போனதைப்போல ஐந்து மடங்கு.

இன்சூரன்ஸ் இதில் எங்கே என்று கேட்பீர்கள். எங்கும் இல்லை. நம் ஊர் மெடிக்கல் பாலிசி என்பது ஆஸ்பத்திரியில் படுத்தால் தருகிற பணம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறிப்பிட்ட நாட்கள் வரை மருந்து, டெஸ்ட் செலவைத் தருவார்கள், அதற்கப்புறம் கதவு மூடிவிடும். டயப்பருக்கும் தனியாக வைத்துக்கொள்கிற நர்ஸுக்கும் வழக்கமான பாலிசிகளில் இடமில்லை. ஜெர்மனியில் 1995-லேயே முதுமைப் பராமரிப்புக்கென்று தனியாகக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தார்கள். ஜப்பானில் 2000-ல் வந்தது, அங்கே 40 வயதானவர்கள் எல்லாரும் அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே அந்தக் காப்பீடு வீட்டில் இருக்கிற பெண்கள்தான்.

எங்கள் வீட்டில் அது என் அக்கா.

பார்த்துக்கொள்ள வந்தவர்கள் முதல் ஒன்பது மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ராத்திரி எழுந்து ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கிற வேலை, அதை எத்தனை மாதம் ஒரு ஆளால் செய்ய முடியும்? ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை, மாற்று ஆள் வர எட்டு நாள் ஆனது, அந்த எட்டு நாளில்தான் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே முதல் புண் வந்தது. ஐம்பது பைசா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம், அழுத்தினால் வெளுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அது என் உள்ளங்கை அளவு ஆனது, ஆற நாலு மாதம். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய், தான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, 2022 ஜூலையில் வந்து உட்கார்ந்தாள். பகலுக்கு மட்டும் ஒரு ஆள், ராத்திரி அக்கா. 2024 பிப்ரவரியில் மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பும்வரை 20 மாதம் இருந்தாள்.

அம்மா போன பிறகு நோட்டை வைத்துக்கொண்டு அண்ணனும் நானும் கணக்குப் பார்த்தோம். அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கூட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்த 20 மாதத்துக்கு அக்கா பெயரில் நோட்டில் ஒரு வரி இல்லை. மாதம் 16,000 சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவள். கணக்குப்படி 3,20,000. அதைவிடப் பெரியது, 52 வயதில் விட்ட வேலை திரும்பக் கிடைக்கவில்லை, இருந்த பி.எஃப். பணத்தையும் எடுத்துச் செலவழித்திருந்தாள். அம்மாவின் முதுமைக்கான செலவை அக்காவின் முதுமையிலிருந்து எடுத்திருக்கிறோம். நானும் அண்ணனும் சேர்ந்து அந்தத் தொகையை அவள் பெயரில் டெபாசிட் போட்டோம், அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். உங்கள் வீட்டில் யாராவது வேலையை விட்டுவிட்டுப் பெற்றவரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், தயவுசெய்து முதல் மாதத்திலிருந்தே அவர்களுக்கு ஒரு தொகையை மற்றவர்கள் கொடுங்கள். "அம்மாவைப் பார்க்கக் கூலியா" என்று வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது பேங்க். அம்மா பெயரில் 4 லட்சம் டெபாசிட் இருந்தது, இப்படி ஒரு நாளுக்கென்றே சேர்த்து வைத்தது, ஆனால் தனிப்பெயரில். நாமினி நான். நாமினி என்பது அவர் இறந்த பிறகுதான் செல்லும், உயிரோடு இருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று வழி இருக்கிறது. ஆனால் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துக் கைநாட்டு வாங்கிப் போக எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்ததால் அது நடந்தது. நினைவும் போயிருந்தால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டும். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் இருக்கும்வரைதான் அந்தப் பவருக்கு உயிர், அதற்குப் பிறகு அது வெறும் காகிதம். ஆகவே வயதானவர்கள் கணக்கில் நம்பிக்கையான ஒருவரையும் சேர்த்து "ஐதர் ஆர் சர்வைவர்", அதாவது இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், என்று மாற்றி வைப்பதுதான் சுலபமான வழி. அரை மணி நேர வேலை. டெபாசிட்டுக்கும் தனியாகச் சொல்லி மாற்ற வேண்டும், சேமிப்புக் கணக்கில் மாற்றினால் அது தானாக மாறாது. அதை முதிர்வுக்கு முன்னால் உடைக்கவும் அந்த ஒருவரே போதும் என்று எழுதிக் கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கும் இரண்டு கையெழுத்து கேட்பார்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கடைசி காலத்துல பார்த்துக்குவாங்க" என்று நம்பி அறுபது வயதிலேயே வீட்டைப் பிள்ளைகள் பெயரில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. அந்த வீடுதான் உங்களிடம் மிச்சம் இருக்கிற ஒரே பெரிய பணம். தேவைப்பட்டால் விற்கலாம், வாடகைக்கு விடலாம், அதன்மேல் கடன் வாங்கலாம், எழுதிக் கொடுத்துவிட்டால் எதுவும் முடியாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பராமரிக்க வேண்டும் என்கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது, அதன் 23-ம் பிரிவுப்படி பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இருந்தால் வழக்கு நிற்கும். அதே சட்டத்தில் பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தருகிற ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. எங்கள் நோட்டின்படி அது டயப்பருக்கும் மருந்துக்கும் மற்ற சில்லறைச் சாமானுக்கும் சரியாக இருக்கும், ஆளுக்குக் கொடுக்கக் காணாது.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், எனக்கு 51, கணவருக்கு 56. எங்கள் ரிட்டயர்மெண்ட் பணத்திலிருந்து தனியாக ஒரு பங்கு பிரித்து, அதற்கு வீட்டில் "கட்டில் பணம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். கல்யாணம், வீட்டு ரிப்பேர், பேரன் பேத்தி, எதற்கும் அதைத் தொடக் கூடாது. எவ்வளவு வேண்டும் என்று நோட்டை வைத்துத்தான் போட்டோம். முழுநேர ஆளோடு அம்மாவுக்குக் கடைசியில் மாதம் 35,000 ஆனது. வருஷம் 7 சதவீதம் விலை ஏறினால் பத்து வருஷத்தில் 70,000. மூன்று வருஷம் படுக்கை என்று வைத்தால் ஒரு ஆளுக்கு 25 லட்சம். எழுதிப் பார்த்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அது எங்களால் ஆகாது, ஒரு ஆளுக்கு உள்ளதையாவது சேர்ப்போம், மீதிக்கு இந்த வீடு என்று முடிவு செய்தோம்.

60 வயது ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், போஸ்ட் ஆபீஸிலோ பேங்கிலோ, ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில்தான் 15 லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். 8.2 சதவீத வட்டியில் 15 லட்சம் போட்டால் மாதத்துக்கு 10,250 கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். வட்டி மட்டும் போதாது, தேவைப்படும்போது அசலையும் எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான், ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூடினால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். அசலைத் தொடுவது பாவம் என்கிற எண்ணம் எங்கள் அம்மாவுக்கு இருந்தது, அந்த டெபாசிட்டை உடைக்கக் கைநாட்டு வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்காகச் சேர்த்தாளோ அதற்குத்தான் போகிறது என்று எவ்வளவோ சொன்னேன்.

மெடிக்கல் பாலிசியையும் விடக் கூடாது, கட்டில் பணத்தை ஆஸ்பத்திரி தின்றுவிடாமல் அதுதான் காக்கும். புதுப் பாலிசி எடுப்பதற்கு இருந்த 65 வயது வரம்பை 2024 ஏப்ரலில் நீக்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பதால், சர்க்கரையும் பிரஷரும் வருவதற்கு முன்னாலேயே எடுப்பது நல்லது.

இதையெல்லாம் எங்கள் மகளிடமும் மகனிடமும் போன தீபாவளிக்கு உட்கார வைத்துச் சொன்னோம். "நல்ல நாள் அதுவுமா ஏம்மா இந்தப் பேச்சு" என்றாள் மகள். நல்ல நாளில்தான் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், வேறு எப்போது பேசுவது? எந்தப் பேங்க், எந்த பாலிசி, கட்டில் பணம் எங்கே, மூக்கில் டியூப் போட்டு வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம் என்று என் கணவர் நினைப்பது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேருக்கும் காட்டினோம். மகன் ஒன்றும் சொல்லாமல் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அம்மாவின் ஏர் பெட் இப்போது எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு தாத்தாவுக்கு ஓடுகிறது. கட்டிலும் வீல்சேரும் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் துடைத்துப் போர்த்தி வைத்திருக்கிறேன், திருச்சியில் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். கட்டில் கழற்ற வரும், வாசலில் திரும்புமா என்று மட்டும் அளந்துகொண்டு வாருங்கள்.