ஸ்டேட் காலேஜில் ஜோ பட்டர்னோவைத் தேடி

பென்சில்வேனியா மாநிலத்தின் நடுப்பகுதியில், நிட்டனி மலையை ஒட்டிய பள்ளத்தாக்கில் இருக்கிறது ஸ்டேட் காலேஜ். பிலடெல்பியாவிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பயணம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை நம்பியே வாழும் ஊர் இது. அமெரிக்கக் கால்பந்துதான் இதன் திருவிழா. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பீவர் ஸ்டேடியத்தைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். நான் சென்றது, அந்த ஸ்டேடியத்தை இவ்வளவு பெரிதாக வளர்த்த ஒரு மனிதரை அந்த ஊர் இப்போது எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பார்ப்பதற்காக.

ஜோ பட்டர்னோ 1950-இல் துணைப் பயிற்சியாளராக இங்கு வந்தார். 1966 முதல் 2011 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து 409 வெற்றிகளைக் குவித்தார். 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் தேசிய அளவில் முதலிடம் பெற்றுத் தந்தார். ஆனால் வெற்றிகளுக்காக மட்டும் அவரை யாரும் கொண்டாடவில்லை. ஆட்டக்காரர்கள் முதலில் மாணவர்கள், படித்துப் பட்டம் பெற வேண்டியவர்கள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தனிமனிதரைவிட அணி பெரிது என்பதற்காகச் சட்டையில் ஆட்டக்காரரின் பெயரைக்கூடப் பொறிக்க விடவில்லை. பெரும் புகழ் வந்த பிறகும் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். இப்படிப்பட்ட ஒருவரைத் தங்கள் குடும்பத்துப் பெரியவராகவே ஊர் மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஸ்டேடியத்தின் ஓரத்தில், விரலை உயர்த்தி ஓடிவரும் தோற்றத்தில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை இருந்தது. இப்போது இல்லை. 2012 ஜூலை 22 அன்று அதிகாலையில் பல்கலைக்கழகம் அதை அகற்றியது. அவர் இறந்து அன்றோடு சரியாக ஆறு மாதம். இங்கு ஒரு சிலை இருந்ததாகச் சொல்லும் பலகை எதையும் நான் காணவில்லை. இடம் தெரிந்து வருபவர்களுக்குத்தான் அது புரியும்.

சிலை வைக்கப்பட்ட ஆண்டு 2001. அதே ஆண்டு பிப்ரவரியில், ஓர் இளம் உதவியாளர் பட்டர்னோவின் வீட்டுக்கே வந்து, ஜெர்ரி சாண்டஸ்கி ஒரு சிறுவனுடன் அணியின் குளியலறையில் இருந்ததைத் தாம் கண்டதாகக் கூறினார். சாண்டஸ்கி பட்டர்னோவிடம் பல்லாண்டுகள் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர். ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தொண்டு நிறுவனம் தொடங்கியவர். பாலியல் தன்மை கொண்ட ஏதோ நடந்ததாகத் தம்மிடம் சொல்லப்பட்டதைப் பட்டர்னோவே பின்னர் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது, தமக்கு மேலே இருந்த விளையாட்டுத் துறை இயக்குநரிடம் அதைத் தெரிவித்தது. யாரும் காவல்துறைக்குப் போகவில்லை. சாண்டஸ்கி கைதானது 2011 நவம்பரில்.

அன்றைய சட்டம் கேட்டதை அவர் செய்துவிட்டார் என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அவர் உண்மையை மறைக்கத் துணைபோனார் என்ற, பல்கலைக்கழகம் அமர்த்திய முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயி ஃப்ரீயின் விசாரணை அறிக்கை முடிவைக் குடும்பத்தினர் இன்றுவரை ஏற்கவில்லை. அந்த அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் என் மனம் ஆறவில்லை. 2004-இல் பல்கலைக்கழகத் தலைவரும் அதே இயக்குநரும் வீடு தேடி வந்து ஓய்வு பெறச் சொன்னபோது, முடியாது என்று திருப்பி அனுப்பியவர் அவர். அந்த ஊரில் அவருக்கு மேலே இருந்தவர்கள் பெயரளவில் மட்டுமே மேலே இருந்தார்கள். அந்தச் சிறுவன் யார், என்ன ஆனான் என்று அவர் ஒரே ஒரு முறை அழுத்திக் கேட்டிருந்தால் யாரும் பதில் சொல்லாமல் தப்பியிருக்க முடியாது. இன்னும் செய்திருக்க வேண்டும் என்று தாம் இப்போது விரும்புவதாக, 2011 நவம்பரில் பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்வதற்குச் சில மணி நேரம் முன்பு அவரே அறிக்கை வெளியிட்டார்.

வளாகத்தின் நடுவில் இருக்கும் நூலகத்தில் அவர் பெயர் அப்படியே நிற்கிறது. அவரும் மனைவி சூவும் பெரும் தொகை கொடுத்ததோடு, பிறரிடமும் நன்கொடை திரட்டிக் கட்ட உதவிய கட்டடம் அது. சிலையை அகற்றிய அதே முடிவில், நூலகத்தின் பெயரை மாற்றுவதில்லை என்றும் நிர்வாகம் அறிவித்தது. அங்கே தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்த மாணவர்களைக் கண்டபோது அந்த முடிவு சரியென்றே எனக்குப் பட்டது. அவர் செய்த நன்மையும் பொய்யில்லை. ஊரின் முக்கியமானவர்களை வரைந்திருக்கும் ஹைஸ்டர் தெருச் சுவரோவியத்திலும் இந்தக் குழப்பம் பதிவாகியிருக்கிறது. ஓவியர் மைக்கேல் பிலாட்டோ முதலில் சாண்டஸ்கியின் உருவத்தை அழித்தார். பட்டர்னோ இறந்ததும் அவர் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் வரைந்தார். ஃப்ரீ அறிக்கை வந்ததும் அந்த ஒளிவட்டத்தையும் அழித்தார்.

சாண்டஸ்கி விவகாரத்துக்குத் தண்டனையாக, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2012-இல் பறித்த 111 வெற்றிகள் 2015-இல் அவர் கணக்கில் திரும்பச் சேர்க்கப்பட்டன. சிலையும் திரும்ப வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பை நான் மதிக்கிறேன். கோரிக்கையை ஏற்க முடியவில்லை.

ஸ்டேட் காலேஜ் செல்பவர்கள், சற்றுத் தொலைவிலேயே இருக்கும் பெல்ஃபான்ட் நகரத்துக்கும் செல்ல வேண்டும். வெள்ளைத் தூண்கள் கொண்ட அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில்தான் 2012 ஜூனில் எட்டு இளைஞர்கள் கூண்டேறி, சிறுவயதில் தங்களுக்கு நேர்ந்ததை ஊரறியச் சொன்னார்கள். நடுவர் குழு 45 குற்றச்சாட்டுகளில் சாண்டஸ்கியைக் குற்றவாளி என்று அறிவித்தது. மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள இடமளித்த அந்தச் சட்டத்தையும் பென்சில்வேனியா 2014-இல் திருத்தியது: குழந்தை வதைபடுவதாக ஐயம் கொள்ளும் ஆசிரியரோ பயிற்சியாளரோ இப்போது தாமே நேரடியாக அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.