70 நிமிட நாடகமும் மூன்று கடிகாரங்களும்

மிக்ஸ், அதாவது ஒலிகளை அளவாகக் கலக்கும் வேலை, முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த இரவு அது. 70 நிமிட மேடை நாடகம். மூன்று கேமரா, ஒலிக்குத் தனி ரெக்கார்டர். மிச்சம் இருந்தவை இரண்டே வேலைகள். எடிட்டர் அனுப்பிய திருத்தக் குறிப்புகளைப் பார்த்துச் சரிசெய்வது ஒன்று. வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனியாக இரண்டாவது கம்ப்யூட்டரில் பதிவு செய்து ஒப்படைப்பது இன்னொன்று. ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தேன். இந்தக் கணினிக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதை மூடினால் டெமோவாகத் திறக்கிறது. செஷனை, அதாவது வேலை ஃபைலை, பார்க்கலாம், கேட்கலாம். சேமிக்க மட்டும் முடியாது.

காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ், பத்து நாள் முன்புவரை ஒழுங்காக ஓடியது. முதலில் லைசென்ஸைத் தாங்கும் சிறு கருவியான டாங்கிள் மேல்தான் சந்தேகம் வந்தது. என்னிடம் சில பிளக்-இன்களின் (மென்பொருளோடு சேர்த்து ஓடும் துணை மென்பொருள்கள்) லைசென்ஸ் ஒரு யூஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது. அதைக் கழற்றி, ஹப்பைத் தவிர்த்து நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகினேன். விளக்கு எரிந்தது, பிளக்-இன்கள் எல்லாம் வந்தன. ஆனால் முக்கிய மென்பொருளின் லைசென்ஸ் டாங்கிளில் இல்லை, கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. ஆக டாங்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த லைசென்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இதைத் தயவுசெய்து யாரும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் போனது, பெட்டி அப்படியே வந்தது. போதாததற்கு, நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த செட்டிங்ஸும் டெம்ப்ளேட்டும் அழிந்து, எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விட்டன. அதன் பலனைப் பிறகு டைம்கோடில், அதாவது படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் நேர எண்ணில், அனுபவித்தேன்.

காரணம் பிடிபட்டது எதேச்சையாகத்தான். உதவிப் பிரிவுக்கு அனுப்ப அந்தப் பிழைப் பெட்டியைப் படம் எடுத்துச் சேமித்தேன். ஃபோல்டரைத் திறந்து தேதி வரிசையில் பார்த்தால் புதிய படம் மேலே இல்லை. கீழே, கீழே என்று போனால், எல்லாப் பழைய ஃபைல்களுக்கும் அடியில் கிடந்தது. தேதி: 2015 ஜனவரி.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்குமே, சி.ஆர்.2032 பேட்டரி, அது தீர்ந்துபோயிருந்தது. மின்சார வயர் செருகியிருக்கும்வரை கம்ப்யூட்டரின் கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடிவிடும். பேட்டரி செத்தது வெளியே தெரியாது. பத்து நாள் முன்பு மேசையை இடம் மாற்ற வயரைப் பிடுங்கினேன். கடிகாரம் பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளில், எழுதியிருக்கும் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது. பதிவு செய்யும் கம்ப்யூட்டரை நான் இணையத்தோடு இணைப்பதில்லை என்பதால் தானாகத் திருந்தவும் வழியில்லை.

தேதி பின்னால் போனால் லைசென்ஸுக்கு இரண்டு வகையில் அடி விழுகிறது. சோதனைக் காலத்தை நீட்டிக்கச் சிலர் வேண்டுமென்றே தேதியைப் பின்னே தள்ளுவதால், கடைசியாகத் தான் பார்த்த தேதிக்கு முந்தைய தேதியைக் கண்டால் லைசென்ஸ் மென்பொருள் அதை மோசடியாக எடுத்துக்கொண்டு பூட்டிவிடும். சரி, இணையத்தில் போய் மறுபடி ஆக்டிவேட் செய்யலாம் என்றால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் 2015 கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இணைப்பே கிடைக்காது. திரையில் வருவதோ 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற ஒரு வரி. கடிகாரத்தைப் பார் என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை.

பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, அரை மணி நேரம் மட்டும் இணையத்தில் இணைத்தேன். என் கணக்கில் நுழைந்து இந்தக் கம்ப்யூட்டரின் பழைய பதிவை நீக்கி, புதிதாக ஆக்டிவேட் செய்தேன். திறந்தது, சேமித்தது. இரண்டாவது கம்ப்யூட்டருக்குத்தான் இடமில்லை என்றது. என் லைசென்ஸ் இரண்டு மெஷின்களுக்குச் செல்லும். ஒன்று இது, இன்னொன்றை, எப்போதோ மதர்போர்டு மாற்றிய ஒரு பழைய மெஷின் பிடித்து வைத்திருந்தது. மதர்போர்டு மாறினால் மெஷினின் அடையாளமும் மாறும். மாற்றுவதற்கு முன்பே ஆக்டிவேஷனைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். நல்லவேளையாகக் கணக்குப் பக்கத்திலேயே அதை விடுவிக்க வழி இருந்தது.

லைசென்ஸ் கதை இத்தோடு முடிந்தது. அப்புறம்தான் டைம்கோடு.

எடிட்டர் சில இடங்களில் ஒரிஜினல் பதிவே வேண்டும் என்று கேட்டிருந்தார். புது செஷன் ஒன்று திறந்து, ரெக்கார்டரின் ஃபைல்களை அவற்றின் நேர முத்திரைப்படி வைக்கச் சொன்னேன். ரெக்கார்டரில் டைம்கோடு 18:30:00:00-இல் (மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம்; ஃப்ரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப்படம்) தொடங்கியது எனக்கு நன்றாகத் தெரியும். ஃபைல் போய் உட்கார்ந்த இடமோ 18:31:06:14. படம் 18:30-இல், ஒலி ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளி.

முதலில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ரெக்கார்டர் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, ஒலியைக் கையால் இழுத்து கிளாப் சத்தத்தோடு பொருத்தினேன். பொருந்தியது. கடைசிவரை ஓட்டியும் பார்த்தேன், உதட்டசைவு பிசகவில்லை. சரி என்று திருத்தங்களில் இறங்கினேன். முதல் சில குறிப்புகள் சொன்ன இடத்திலேயே கிடைத்தன. நாடகத்தின் கடைசிப் பகுதிக்குப் போனபோது குறிப்பில் இருந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எடிட்டருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, நீ எழுதியிருக்கிற இடத்துல அந்த வசனமே இல்லையே."

"இருக்குண்ணா. படத்து மேல ஓடுற நம்பரைப் பாருங்க, உங்க டைம்லைன் நம்பரைப் பாக்காதீங்க."

பார்த்தேன். படத்தின் மேல் பதித்திருந்த எண்கள் என் டைம்லைனை விட நாலு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்தங்கியிருந்தன. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 70 நிமிடம் என்றால் 4200 நொடி. பின்தங்கியது 4.2 நொடி. ஆயிரத்தில் ஒன்று. அந்தப் பின்னத்தைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. படம் நொடிக்கு 23.976 ஃப்ரேம்; என் புது செஷன் 24. பழைய டெம்ப்ளேட்டில் 23.976 என்று வைத்திருந்தேன். மறுபடி நிறுவியதில் அது அழிந்து, புது செஷன் தானாக 24-இல் திறந்திருக்கிறது.

அந்த ஒரு நிமிடப் பிசகுக்கும் இதே காரணம்தான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. ஃபைலுக்குள் நேர முத்திரை மணி, நிமிடமாக இருப்பதில்லை. நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் (ஒலியை ஒருமுறை அளந்த எண்) என்ற ஒரே எண்ணாக இருக்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற ரேட்டில், 23.976 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 2002 சாம்பிள். 24 என்றால் 2000. என் ஃபைலில் இருந்த எண் 319,99,96,800. இதை 2002-ஆல் வகுத்தால் 15,98,400 ஃப்ரேம், அதாவது கச்சிதமாக 18:30:00:00. 2000-ஆல் வகுத்தால் 18:31:06:14. ஃப்ரேமுக்கு இரண்டே சாம்பிள் வித்தியாசம், நள்ளிரவிலிருந்து பதினெட்டரை மணி நேரம் சேர்ந்து 66.6 நொடியாக நிற்கிறது. ரெக்கார்டர் ஒரு தவறும் செய்யவில்லை. செஷனை 23.976-க்கு மாற்றி, கையால் இழுத்ததையெல்லாம் விட்டுவிட்டு ஃபைல்களை மறுபடி முத்திரைப்படி வைத்தேன். எல்லாம் நூல் பிடித்த மாதிரி வந்து உட்கார்ந்தன.

29.97-இல் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு: டிராப் ஃப்ரேம். அதில் எந்த ஃப்ரேமும் காணாமல் போவதில்லை, எண்கள்தான் தாண்டப்படுகின்றன. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்கள். பத்தாவது நிமிடங்களில் மட்டும் விலக்கு. மணிக்கு 108 எண்கள், 3.6 நொடி. உங்கள் பிசகு மணிக்கு 3.6 நொடி என்று வந்தால் மேலே சொன்ன ஆயிரத்தில் ஒன்றும் காரணமாக இருக்கலாம், டிராப், நான்-டிராப் குழப்பமும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

கடைசி வேலை ஒப்படைப்புப் பதிவு. மிக்ஸில் ஒரு கம்ப்ரஸரும் ரிவெர்பும் வெளியே இருக்கும் கருவிகள் என்பதால், முதல் கம்ப்யூட்டர் ஓட ஓட இரண்டாவதில் நிகழ்நேரத்திலேயே பதிவாக வேண்டும். ஒலி அனலாக் கேபிளில் போகிறது. கூடவே ஒரு கேபிளில் எல்.டி.சி., அதாவது ஒலி வடிவிலேயே போகும் டைம்கோடு. இசைக்கருவிகளை இணைக்கும் மிடி வழியாகப் போகும் டைம்கோடை நான் தவிர்த்தேன். அதில் 24, 25, டிராப் 30, நான்-டிராப் 30 என்று நாலு வகைக்குத்தான் இடம், 23.976-க்குத் தனி அடையாளம் கிடையாது. எல்.டி.சி.யும் தன் ஃப்ரேம் ரேட்டைத் தானே சொல்லாது என்பதால் இரண்டு மெஷினிலும் 23.976 என்று கையால் வைத்தேன்.

முதல் தடவை இரண்டாவது மெஷின் டைம்கோடைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. கேபிளில் ஹெட்போனை வைத்துக் கேட்டேன். எல்.டி.சி.யை ஒருமுறை கேட்டால் மறக்காது; தகரத்தை விடாமல் அரம் கொண்டு ராவுவது போன்ற கரகரப்பு. சத்தம் உச்சத்தில் உடைந்து கேட்டது. அளவைக் குறைத்ததும் நிலையாகப் பிடித்துக்கொண்டது. அந்த ட்ராக்கில் எந்த பிளக்-இன்னும் இருக்கக் கூடாது, மெல்லிய ஒலியை அடைத்துவிடும் 'கேட்' கூடாது, பக்கத்திலேயே மெல்லிய வசன ட்ராக்கின் கேபிளையும் ஓட்டக் கூடாது. கரகரப்பு அதில் கசியும். நாடகம் தொடங்கும் முன் பத்து நொடி வெறும் டைம்கோடு ஓடவிட்டேன், மெஷின் பிடித்து நிதானத்துக்கு வர.

70 நிமிடமும் பதிவு செய்து, அதை முதல் மெஷினுக்குக் கொண்டுவந்து படத்தோடு வைத்தேன். தொடக்கத்தில் கிளாப் அச்சாகப் பொருந்தியது. கடைசிக் காட்சியில் ஒருவர் கதவை அறைந்து சாத்துவார். கதவு மூடி மூன்று ஃப்ரேம் கழித்துச் சத்தம் வந்தது.

டைம்கோடு ஆஃப்செட்டில் மூன்று ஃப்ரேம் முன்னே தள்ளலாமா என்று கை போனது, நிறுத்திக்கொண்டேன். தள்ளினால் கதவு சரியாகும், கிளாப் கெடும். எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் தொடக்கத்தில் ஒரு இடம், முடிவில் ஒரு இடம் அளந்தே ஆக வேண்டும். பிசகு இரண்டிலும் ஒரே அளவு என்றால் வைத்த இடம் தப்பு. போகப் போக வளர்ந்தால் வேகம் தப்பு. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவிய சோதனை இதுதான், இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இங்கே வேகம்தான் தப்பு. டைம்கோடு எந்த இடம் என்று சொல்கிறது. எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிப்பது ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள், அதாவது ஒலியைக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் பெட்டிக்குள், இருக்கும் கிரிஸ்டல். என் மென்பொருள் டைம்கோடைப் பார்த்துச் சரியான இடத்தில் கிளம்பியதும், தன் சொந்தக் கடிகாரத்திலேயே ஓடுகிறது. இரண்டு இன்டர்ஃபேஸும் 48,000 என்றுதான் காட்டின, ஆனால் இரண்டு கிரிஸ்டல்கள் மயிரிழைகூட வேறுபடாமல் இருப்பதில்லை. பத்து லட்சத்தில் 30 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், 4200 நொடியில் 126 மில்லி நொடி, 23.976-இல் அதுதான் மூன்று ஃப்ரேம். டிஜிட்டல் கேபிளாக இருந்தால் டிக் டிக் என்று இடையில் சத்தம் வந்து காட்டிக்கொடுத்திருக்கும். அனலாக் என்பதால் ஒலி சுத்தமாகவே வந்தது, பிசகு மட்டும் மெல்ல மெல்லச் சேர்ந்தது.

முதல் இன்டர்ஃபேஸின் வேர்டு கிளாக் (சாம்பிள் வேகத்தைச் சொல்லும் துடிப்பு) அவுட்டிலிருந்து இரண்டாவதின் இன்னுக்கு 75 ஓம் பி.என்.சி. கேபிள் ஒன்று போட்டேன். இரண்டாவதில் கிளாக் எங்கிருந்து என்ற இடத்தில் 'இன்டர்னல்' என்பதை 'வேர்டு கிளாக்' என்று மாற்றினேன். பூட்டியதற்கு அடையாளமாக முன்பக்க விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. கேபிள் செருகுவதோடு விட்டுவிட்டு இந்த அமைப்பை மாற்ற மறந்தால் ஒன்றும் நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடி 70 நிமிடம். இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். விடிந்திருந்தது. பதிவைப் படத்தோடு வைத்து, கிளாப்பைப் பார்த்தேன், நேராகக் கடைசிக்குப் போனேன். கதவு சட்டத்தில் படும் அதே ஃப்ரேமில் சத்தம். மூன்று ட்ராக்கையும் ஏற்றி அனுப்பினேன். பிறகு ஒரு சீட்டில் பேட்டரி மாற்றிய தேதியை எழுதிக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டினேன். அதன் கீழே எந்த லைசென்ஸ் டாங்கிளில், எது எந்த மெஷினில் என்று எழுதி, கடைசி வரியில் 23.976, 48,000 என்று போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.