கூலிக்காரனாகவாவது

மத்திய சிறையொன்றில் ஞாயிறு ஆராதனையை நடத்திவரும் ஊழியன் நான். கடவுளே இல்லை என்று வாதிடுகிற கைதியிடம் பேசுவது எனக்கு ஒருபோதும் பெரும்பாடாக இருந்ததில்லை. கடவுள் தன்னை மன்னிக்கவே கூடாது என்று உறுதியாக இருக்கும் கைதியிடம்தான் நற்செய்தி தடுமாறி நிற்கிறது. ரோமர் 5:8இல் பவுல், நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார். வெளியே சபையில் இதைப் பிரசங்கித்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே, கொலைக்குற்றத்துக்காக ஆயுள்தண்டனை அனுபவிப்பவர்கள் அந்தச் சொற்களை எடைபோட்டுப் பார்க்கிறார்கள்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் கதையைத்தான். தகப்பனின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளையவன், பன்றிகளை மேய்த்துக்கொண்டிருக்கும்போதே தகப்பனிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் தயார் செய்துகொள்கிறான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது அதன் முடிவு. ஆனால், தூரத்தில் வரும்போதே கண்டு, மனதுருகி, ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்ட தகப்பனிடம் அவன் பாவத்தை அறிக்கையிடுகிறானே தவிர, கூலிக்காரன் பேச்சு அவன் வாயிலிருந்து வரவேயில்லை. சிறைக்குள் பலரும் அந்தக் கூலிக்காரன் இடத்தைத்தான் விரும்புகிறார்கள். உழைத்துக் கழிக்கலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் மன்னிப்பு அவர்களைக் கூசவைக்கிறது.

சிறை பேக்கரியில் வேலை செய்யும் ஆயுள்கைதி ஒருவர், முழங்கையில் மாவு காய்ந்திருக்க, எப்போதும் வாசலோரம்தான் உட்காருவார். ஒருநாள் ஆராதனை முடிந்ததும், "செத்தவனோட அம்மா என்னை மன்னிக்கலையே ஐயா, அவங்களைக் கேட்காம ஆண்டவர் எப்படி மன்னிப்பார்?" என்று கேட்டார். இறையியல் கல்லூரித் தேர்வுகளில்கூட இவ்வளவு நேர்மையான கேள்வியை நான் சந்தித்ததில்லை.

ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில், ஆஸ்திரேலிய மிஷனரியான தன் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தேயு ஆகிய இரு மகன்களையும் உயிரோடு எரித்துக் கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அறிவித்ததை அவருக்குச் சொன்னேன். பாரிபதாவில் தொழுநோயாளர் பணியையும் அந்த அம்மையார் தொடர்ந்தார். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள்தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு வேறு, தண்டனை வேறு. அதேபோல், கிளாடிஸ் மன்னித்தார் என்பதைக் காட்டி இன்னொரு தாயிடம் மன்னிப்பை வசூலிக்க எவருக்கும் உரிமையில்லை. நம் பிரசங்கிகள் சிலர் இதை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

அவர் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில், லூக்கா 19இல் வரும் வரிவசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் இருக்கிறது. இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றது முதலில். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்னது அதன்பிறகு. ஆண்டவரின் அன்பு அந்தத் தாயின் கணக்கை அழித்துவிடுவதில்லை. அதை எதிர்கொள்ளும் தைரியத்தைக் கொடுக்கிறது.

அண்மையில் அவர் அந்தத் தாய்க்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. தான் செய்ததை மட்டும் மறைக்காமல் எழுதியிருந்தார். அதைப் பெற அந்தத் தாய்க்கு விருப்பமா என்று நன்னடத்தை அலுவலர் வழியாக முதலில் கேட்போம், வேண்டாமென்றால் அனுப்பவேண்டாம் என்றேன். அவரும் சரி என்றார்.