மாமாவின் 30-06-க்கு ஏற்ற ரிங்

மாமா விட்டுப்போன, 30-06 தோட்டா போடும் சி.இசட். 550 வேட்டைத் துப்பாக்கி, என் பெயருக்கு உரிமம் வரும்வரை கடைக்காரரின் பெட்டகத்தில் இருந்தது. கைக்கு வந்த வாரமே அவருடைய பழைய ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். 30 மி.மீ. குழாய், 50 மி.மீ. முன்கண்ணாடி. ஸ்கோப்பைப் பிடிக்கும் மாமாவின் ரிங்குகள் ஓர் அங்குலக் குழாய்க்கானவை, அதாவது 25.4 மி.மீ. அவை சேரவில்லை என்றதும் ஒரு கடையில் கொடுத்த பேஸையும் (துப்பாக்கிமேல் ரிங்கைத் தாங்கும் பட்டை) ரிங்கையும் அப்படியே மாட்டினேன். தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தாளில் சுட்டபோது நன்றாகத்தான் விழுந்தது.

ஜூனில் பொங்கோலாப் பக்கம் ஒரு பண்ணை. சுமார் 100 மீட்டரில் இம்பாலா கிடா. தோளுக்குப் பின்னால் குறி வைத்தேன், குண்டு வயிற்றில் பட்டது. தடம் பார்க்கும் ஜூலுப் பெரியவரை நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் முள்ளுக்குள் இரத்தத்தைத் தேடி நடந்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்தக் கிடா பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பேஸ் பிகாட்டினி, ரிங் வீவர்; பள்ள அளவு வேறுபடும் இரண்டு வகைகள். பிகாட்டினிப் பள்ளம் 5.2 மி.மீ. அகலம், வீவர் பள்ளம் 4.6 மி.மீ.தான். அதனால் வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காரும், ஆனால் குறுக்குத் திருகுக்கு முன்னும் பின்னும் இடைவெளி இருக்கும். ரிங்கைக் குழல்முனைப் பக்கம் தள்ளி, பள்ளத்தின் சுவரில் முட்ட வைத்து இறுக்க வேண்டும். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அந்த முட்டுதான் அதைத் தாங்கும். நான் தள்ளவில்லை. உதைக்கு உதை நகர்ந்து, பிடியே தளர்ந்துவிட்டது. இதைத் திருப்பிச் செய்தால், பிகாட்டினி ரிங்கின் தடித்த திருகு வீவர் பள்ளத்தில் இறங்கவே இறங்காது.

கொஞ்சம் நகர்ந்தால் என்ன என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ரிங்குக்கும் இடையே 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பக்கவாட்டில் 0.1 மி.மீ. விலகினால், 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம் அதுதான்.

உண்மையில் இந்தத் துப்பாக்கிக்குத் தனி பேஸே வேண்டாம். அதன் மேல்பக்கத்திலேயே ரிங் நேரடியாகக் கவ்விப் பிடிக்க 19 மி.மீ. டவ்டெயில் (சரிவு விளிம்புள்ள பட்டை) வெட்டியிருக்கிறது. ஆனால் "சி.இசட். ரிங்" என்று மட்டும் கேட்டு வாங்கக்கூடாது. சி.இசட். 527-க்கு 16 மி.மீ., சிறிய 22 துப்பாக்கிகளுக்கு 11 மி.மீ. வெர்னியர் அளவுகோலை எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள். இடையில் ஒரு துண்டு குறைந்தால் தளர்வதற்கு ஒரு இடம் குறைகிறது.

அப்புறம் உயரம். 50 மி.மீ. கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங் வேண்டும், அப்போது கன்னம் கட்டையில் படியாமல் தலை அந்தரத்தில் நிற்கும். அந்த ஸ்கோப்பை விற்றுவிட்டு 42 மி.மீ. வாங்கினேன், தாழ்ந்த ரிங் போதுமானது. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது கண்பக்க முனையில் இடிக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். குழாயின் நேர்ப்பகுதி இரண்டு ரிங்குக்கும் எட்டுகிறதா என்பதும் முக்கியம். 30-06-க்கு நீளமான ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் பகுதி), குட்டை ஸ்கோப்புகள் பல எட்டாது.

திருகுகளில் எண்ணெயைத் துடைத்து, மேல்மூடியைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 2 நியூட்டன் மீட்டர், ரிங்குடன் வந்த தாளில் இருந்த அளவு அது. ஒவ்வொரு திருகின் தலையிலும் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த ஜூனில் மண்சாலை முழுக்கக் குலுங்கிப் பண்ணை சேர்ந்ததும், முதலில் தாளில் மூன்று குண்டு சுட்டேன். பாபா அந்தத் தாளைக் கையில் வாங்கி, ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் பக்கி என்ற பிக்கப் வண்டியில் ஏறினார்.