அக்காள் மகளை எங்கள் பொறுப்பில் எடுப்பதற்குள்

அக்காளின் மகளை எங்களிடம் ஒப்படைத்து நீதவான் உத்தரவிட்டுவிட்டார். மனம் ஆறுதலடைந்திருந்தாலும், முதலில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையினால் அந்தப் பிள்ளை ஒரு தவணை முழுவதும் சிறுவர் இல்லத்தில் இருக்க நேர்ந்ததை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதே நிலைக்கு வரக்கூடிய உறவினர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அக்காள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். அத்தான் குடித்துவிட்டுப் பிள்ளையை அடிப்பதை அறிந்த வகுப்பாசிரியை சிறுவர் உதவித் தொலைபேசியான 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னார். பொலிஸாரின் சிறுவர், மகளிர் பிரிவும் சட்ட வைத்திய அதிகாரியும் தத்தம் வேலையைத் தாமதமின்றிச் செய்தார்கள்.

சிக்கல், நீதிமன்றத்துக்குத் தரப்படும் நன்னடத்தை அறிக்கையில் தொடங்கியது. எங்கள் வீட்டைப் பார்க்க வந்த உத்தியோகத்தர், எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்த முற்பகல் வேளையில் வந்து, பூட்டிய கதவைக் கண்டு, 'பராமரிக்க ஆளில்லை' என்றும் '10க்கு 12 அடி லயக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை), போதிய இடவசதி இல்லை' என்றும் எழுதிவிட்டுப் போனார். பிள்ளைக்கு ஆபத்து எவரால், அவர் மீண்டும் அவளை நெருங்க வழியிருக்கிறதா, அவள் எவரை நம்புகிறாள், இரவில் அவளோடு யார் இருப்பார்கள் என்பவையே இத்தகைய கணிப்பில் முதலில் கேட்கப்பட வேண்டியவை. இவற்றுள் ஒன்றுக்கேனும் அந்த அறிக்கையில் விடை இல்லை. காம்பரா சிறியது என்பது எங்கள் வறுமையைக் காட்டுமேயன்றிப் பிள்ளைக்குள்ள ஆபத்தைக் காட்டாது. அதை ஆபத்தாகக் கணக்கிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை இல்லங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்! சிறுவர் இல்லம் இறுதி வழியாகவே இருக்க வேண்டும், உறவினர் பராமரிப்புக்கே முதலிடம் என்று 2019ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும் சொல்கிறது.

ஆகவே மறுமதிப்பீடு கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தோம். வாயால் கேட்டபோதெல்லாம் 'பார்க்கலாம்' என்றவர்கள், கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை இடச் சொன்ன பின்னரே கோப்பை எடுத்தார்கள். மாலை நான்கு மணிக்குப் பின் வரும்படி கேட்டுக்கொண்டோம். வகுப்பாசிரியையிடமும், பகுதிக்குரிய குடும்பநல உத்தியோகத்தரிடமும், அவளைக் குழந்தையிலிருந்தே அறிந்த தோட்டத்துப் பிள்ளை மடுவப் (குழந்தைகள் காப்பகப்) பொறுப்பாளரிடமும் கடிதங்கள் பெற்றோம். இம்முறை வந்த அம்மையார் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசினார். 'அம்மாயியோடு (அம்மாவின் தாயோடு) இருக்கிறேன்' என்று அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினார். அந்த ஒரு வரியை வாசித்தபோது என் தாயார் அழுதுவிட்டார்.

எந்த அலுவலர் எவருக்குக் கீழ் வேலை செய்கிறார் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் திணைக்களத்தைச் சேர்ந்தவர். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் ஆள். நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை உத்தியோகத்தரோ மாகாண சபையின் கீழ் வருகிறார். ஒரே பிள்ளையைப் பற்றி மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை. இதை விளக்க வேண்டிய எழுதுவினைஞர் 'இது எங்கள் வேலையில்லை' என்று மட்டும் சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார். அன்று அம்மாவுக்கும் எனக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனதுதான் மிச்சம். மூவரையும் ஒரே கலந்துரையாடலுக்கு அழைக்கும்படி பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேட்டதன் பிறகே வேலை நகர்ந்தது.

பத்திரங்களில் இரண்டு எங்களை அலைக்கழித்தன. காம்பரா தோட்டக் கம்பனிக்குரியது என்பதால், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழுடன் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையும் கேட்டார்கள். அக்காளின் பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் தேசிய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. தாயின் சகோதரன் என்று உறவை நிரூபிக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட வழக்கைத் தவணை போட வைக்கும் என்பதால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிகூறும் சத்தியக் கடதாசியை முதல் நாளே தயாராக வைத்திருங்கள்.

முதல் அறிக்கை சிங்களத்தில் மட்டுமே இருந்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்பாடும் உரிமையை உறுதிசெய்கிறது. அதைக் குறிப்பிட்டுத் தமிழாக்கம் கேட்டுப் பெற்றோம். வாசித்துப் புரியாத அறிக்கையில் தயவுசெய்து கையொப்பமிடாதீர்கள்.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளையைப் பொறுப்பேற்கத் 'தகுதியான ஆள்' என்ற வகையில் பிள்ளை இப்போது என் பொறுப்பில் இருக்கிறாள். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வை தொடர்கிறது. அத்தான் அவளைப் பார்க்க விரும்பினால் அந்த அலுவலகத்தில்தான் பார்க்க முடியும். உத்தரவின் சான்றுப்படுத்திய பிரதிகளை அன்றே கூடுதலாகப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்த ஒரே பிரதியைப் பாடசாலை வாங்கி வைத்துக்கொண்டதால், வைத்தியசாலையில் கேட்டபோது மீண்டும் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.